ஃபேனுக்கு நேர்கீழ என் சீட்டு

அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க. ஆமா, உங்களத்தான். அது என் சீட்டு.

ஆளில்லாமத்தான் கெடந்துச்சா? சரி, ஆளு இல்ல. துண்டு கெடந்துச்சுல்லா? துண்டு கெடந்தா ஆளு இருக்குன்னு அர்த்தம். பஸ்ஸுல சன்னல் வழியா துண்டப் போட்டு எடம் புடிக்கதில்லையா? அதே சட்டந்தான் இங்கயும். லைப்ரரி தொறக்கதுக்கு முன்னாலயே வந்து, சன்னல் கம்பிக்குள்ள கைய விட்டு, எக்கி நின்னு வீசணும். நேரா இந்தச் சேருல வந்து விழணும். அடுத்த சேருல விழுந்துட்டுன்னா அடுத்த சேருதான். அங்க காத்து வராது. இந்த ஆலடிப்பேரி கிளை நூலகத்துல ஓடுதது ஒரே ஒரு ஃபேனு, அதுக்கு நேர்கீழ ஒரே ஒரு சேரு. வெளியூரா நீங்க? அதான் பாத்தேன். உள்ளூர்க்காரன் எவனும் துணிய மாட்டான்.

அது சரி, துண்டு எங்க?

அண்ணாச்சி! அதுலயா மொகத்தத் தொடைச்சிய? கழுத்தையுமா? நல்லா இருக்கு போங்க. எங்கம்மா மட்டும் பாத்திருந்தான்னா உங்க தோல உரிச்சு இந்தக் கம்பியில காயப் போட்டிருப்பா. உங்க கண்ணுக்கு அது ஈரிழைத் துண்டு. அவளுக்கு அது பொன்னாடை. சிரிக்காதிய. சிரிக்கதுக்கு ஒண்ணும் இல்ல. இந்த ஊருல எனக்கு நடந்த அநியாயத்தக் கேட்டா நீங்க சிரிக்க மாட்டிய.

அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. காத்து வராது. வராதுதான். மேடத்தப் பாக்கவா வந்திய? ஸ்கூலுக்குப் போயிருக்காவ, பிள்ளையளுக்கு உறுப்பினர் அட்டை குடுக்க. வந்துருவாவ. அதுவரைக்கும் கேளுங்க.

என்ன சந்தனம், அங்க இருந்து முறைக்க? நான் மெதுவாத்தான் பேசுதேன். நீ உன் பரீட்சைக் கணக்கப் பாரு.

எம் பேரு சுடலைவடிவு. பி.எஸ்சி. முடிச்சிட்டு தபால்ல எம்.எஸ்சி. படிக்கேன், கூடவே குரூப் ஃபோருக்குப் படிக்கேன். வீட்டுல இருந்து படிக்கலாம்லா, இங்க என்னத்துக்குச் சீட்டுக்கு அடிச்சிக்கிட்டு கெடக்கன்னு கேப்பிய. ஒத்த ரூம் அண்ணாச்சி எங்க வீடு. அப்பா கொல்லத்துல பரோட்டா மாஸ்டரு, பொங்கலுக்கு ஒருக்கா வருவாரு. அம்மா பீடி சுத்துதா. அந்த ரூமுல பாதி பீடி எலை, மீதி புகையிலைத் தூளு. புஸ்தகத்தத் தொறந்தா தும்மலு, மூடுனா தும்மலு. இதுல பக்கத்து வீட்டு டிவி எங்க சுவத்துலதான் மாட்டுன மாதிரி கேக்கும். அதனால எனக்கு இந்தச் சேர விட்டா வேற கதி கிடையாது. பரீட்சை இந்தா வந்துட்டு. இந்தத் தடவ விட்டா வயசு போவும், வாய்ப்புப் போவும்.

முந்தி இங்க ஒரு சாரு இருந்தாரு. அது பொற்காலம். வருவாரு, தொறப்பாரு, மேசையில தலைய வச்சு தூங்குவாரு. புதுசா வந்த புஸ்தகத்த எல்லாம் அலமாரியில போட்டுப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகியிருப்பாரு. ஏன் சார்னு கேட்டா, "கைபட்டா அழுக்காயிரும்"பாரு. என்ன ஒரு அமைதி தெரியுமா! நானு, இந்தச் சந்தனம், ஒரு பல்லி. பல்லி கூட சத்தம் குடுக்காது. எனக்கு ஒரு புஸ்தகம் வேணும்னு கேட்டா மட்டும் குடுக்க மாட்டாரு. அது ஒரு குறைதான். மத்தபடி மனுசன் தங்கம்.

அவரு ரிட்டயர் ஆனாரு. ஆக்னஸ் மேடம் வந்தாவ. சனியன் சிரிச்சிக்கிட்டே வந்துச்சு.

மொதல் நாளே அலமாரியத் தொறந்துவிட்டாவ. அடுத்த நாளு என்னக் கூப்பிட்டு, "வடிவு, ஆளு வராத கிளையெல்லாம் மூடி டவுன் லைப்ரரியோட சேக்கப் போறாங்களாம். நம்ம பேருதான் மேல இருக்காம். கூட்டம் காட்டலைன்னா இந்த வருசத்தோட பூட்டுதான்"னாவ.

நான் நம்பல. எப்படி நம்புவேன்? கவர்மெண்டு கட்டடத்த எவன் மூடுவான்? டவுனுக்குப் போக இங்க இருந்து ஒழுங்கா ஒரு பஸ்ஸு கிடையாது. இது கூட்டம் சேக்கதுக்கு மேடம் கெளப்பிவிட்ட கதைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. பயத்துல இல்ல, கொசு.

அப்புறம் பாருங்க கூத்த. சனிக்கிழமையானா பிள்ளையளுக்குக் கதை சொல்லுதாவளாம். பிள்ளைய வந்துச்சுவ, பிள்ளையளா அதுக? ஒண்ணு மேசைக்குக் கீழ, ஒண்ணு மேசைக்கு மேல, ஒண்ணு என் பேனாவக் கடிச்சிக்கிட்டு நிக்கி. நானு காதப் பொத்திக்கிட்டு பாலிட்டி, அதான் அரசியலமைப்புச் சட்டம், படிக்கேன். மேடம் சொல்லுதாவ, ஒரு கரடி தேன் பானைக்குள்ள தலைய விட்டு மாட்டிக்கிட்டாம், காட்டுல உள்ள மிருகம் பூரா வரிசையா நின்னு இழுக்காம். யானை இழுக்கு, வரல. குதிரை இழுக்கு, வரல. எவ்வளவு நேரந்தான் பொறுக்க? எந்திரிச்சுட்டேன்.

"மேடம், பானைய ஒடைச்சா என்ன?"

பிள்ளைய பூரா எம் பக்கம் திரும்பிட்டுவ. அப்புறம் ஒரு பொட்டப்பிள்ள, ரெட்டைச்சடை, சொல்லுது, "ஒடைச்சா தேன் கொட்டிரும்லா."

"ஏட்டி, தலை முக்கியமா, தேன் முக்கியமா?"

"கரடியக் கேட்டியா நீ?"ங்குது.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அதுகூட நின்னு மல்லுக்கட்டுனேன். பாதிப் பிள்ளைய தேன் கட்சி, பாதிப் பிள்ளைய தலை கட்சி. ஒருத்தன் பானை மண்பானையா சில்வரான்னு கேக்கான். நல்ல கேள்விதான் அது, யாரும் யோசிக்கல. கடேசில பானைக்குள்ள தண்ணிய ஊத்தி வழுக்கி எடுக்கலாம்னு அந்த ரெட்டைச்சடை சொன்னா. கரடிக்கு மூச்சு முட்டுமேன்னு நான் மடக்குனேன். விட்டேனா?

அடுத்த வாரம் மேடம் வந்து நிக்காவ. "வடிவு, பிள்ளைங்க சண்டை போடுத அக்கா எங்கன்னு கேக்காங்கம்மா. நீ ஒரு பத்து நிமிசம் வந்து சண்டை போட்டுட்டுப் போயேன். சீக்கிரம் முடிச்சு அனுப்பிருதேன், நீ நிம்மதியாப் படிக்கலாம்."

இது நியாயமான பேச்சு. சண்டையப் போட்டு வெரட்டிவிட்டா எனக்குத்தானே லாபம்? போனேன். எல்லா வாரமும் போறேன். மொதல்ல வந்ததவிட நாலு மடங்கு வருதுவ இப்பம். வெரட்ட வெரட்ட வருதுவ, என்ன பிறவியோ.

புதன்கிழமை கதை இதவிட மோசம். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டுதாவளாம். வராண்டாவுல. வராண்டா எங்க இருக்கு? என் சன்னலுக்கு வெளிய! யாரு வந்தான்னு நெனைக்கிய? தெருவுல பீடி சுத்துத பொம்பளைய பூரா, மடியில தட்டோட. வீட்டுல சுத்துதத இங்கன உக்காந்து சுத்துனா என்னன்னு மேடம் போய்க் கூப்பிட்டிருக்காவ. எந்தத் தூளுக்குப் பயந்து நான் வீட்ட விட்டு ஓடி வந்தேனோ, அந்தத் தூளு என் பின்னாலயே நடந்து லைப்ரரிக்கு வந்துட்டு. முன்வரிசையில யாரு? எங்கம்மா. வேலை இல்லாமத்தான் வந்திருப்பா. நல்ல சேலை கெட்டிருந்தா. பீடி சுத்த எதுக்கு நல்ல சேலை?

வாசிச்சவரு தாணுமாலயன் சாரு. கூட்டுறவு சொசைட்டியில செகரட்டரியா இருந்து ரிட்டயர் ஆனவரு, இங்க வாசகர் வட்டத் தலைவரு. அவரு வெங்காய வெலையையும் நாடகம் மாதிரித்தான் வாசிப்பாரு. கைய நீட்டி, கண்ண மூடி, "அந்தோ!"ம்பாரு. பேப்பர்ல அந்தோ கிடையாது, அது அவரு கைச்சரக்கு. தலையங்கத்துல ஏறுனா எறங்க மாட்டாரு. பொம்பளைய கொட்டாவி விடுதாவ. அன்னைக்கு நாலாம் பக்கத்துல பீடித் தொழிலாளி வருங்கால வைப்பு நிதியப் பத்தி ஒரு செய்தி. அதத் தாண்டிப் போயிட்டாரு! எனக்கு இங்க உக்காந்து காலு ஆடுது. சன்னல் கம்பிக்குள்ள கைய விட்டு, அவரு கையில இருந்து பேப்பரப் புடுங்கிட்டேன்.

"சார், உங்க அந்தோவத் தூக்கி அந்தப் பக்கம் வைங்க. எக்கா, எல்லாரும் கேளுங்க, உங்க செய்தி இங்க இருக்கு"ன்னு நானே வாசிச்சேன். சும்மா வாசிச்சா அவியளுக்கு வெளங்குமா? வெளங்குத மாதிரி திட்டித் திட்டிச் சொன்னேன். "கூறுகெட்டவளுவளா, கார்டுல பேரு தப்பா இருக்கான்னு இன்னைக்குப் போய்ப் பாருங்க"ன்னேன். ஒருத்தி, "ஏ, உம் மக நல்லாத் திட்டுதாட்டி"ன்னு எங்கம்மாவ இடிக்கா. எங்கம்மா கையில பீடி நிக்கி, சுத்தாம. அன்னைக்கு அவ கணக்குக் கட்டு கொறைஞ்சு போச்சு, தரகன்கிட்ட ஏச்சு. ஏன் சுத்தலன்னு கேட்டா, "கை ஓடல"ங்கா. எனக்கு என்ன எரிச்சல் தெரியுமா?

அன்னையில இருந்து புதன்கிழமை என் தலையில விடிஞ்சுட்டு. "தாணு சார் வாசிச்சா நேரம் இழுக்கும், நீ வாசிச்சா சட்டுன்னு முடியும்லா"ம்பாவ மேடம். நியாயந்தானே? ஒரு மணி நேரம் ஆவுது. இதுல எங்க படிக்க? போன தடவ எழுதுன மாதிரித் தேர்வுல நடப்பு நிகழ்வு அத்தனையும் சரியா போட்டிருந்தேன். அது என் மூளை. படிக்க விட்டிருந்தா இன்னும் எவ்வளவு வாங்கியிருப்பேன்!

பொறுத்துப் பாத்தேன். சரி, மேலெடத்துல சொல்லிருவோம்னு முடிவு பண்ணேன். நூலக வார விழாவுக்குப் பெரிய ஆபீஸர் வாராருன்னு சொன்னாவ. வரட்டும், மேடைக்கு முன்னாலயே நின்னு, இது லைப்ரரியா கல்யாண மண்டபமான்னு நாக்கப் புடுங்குத மாதிரி கேட்டிரணும்.

விழா அன்னைக்கும் காலையிலயே வந்து துண்ட வீசிட்டேன். விழான்னா என்ன, சீட்டு சீட்டுதான். அப்பா விட்டுட்டுப் போன துண்டு அது, நல்ல கனம். அத இங்கன போட்டுட்டு, ஆபீஸரப் புடிக்க முன்னால போய் நின்னுக்கிட்டேன். ஊரே வந்திருந்துச்சு. பிள்ளைய, பீடித்தட்டு, எல்லாம். மேடம் தண்ணி மேல தண்ணியாக் குடிக்காவ. சுகரா இருக்கும்.

இப்பம் ஒரு விசயம் சொல்லணும். வாசகர் வட்டத்துக்குன்னு ஒரே ஒரு பொன்னாடைதான் உண்டு. தாணு சார் வீட்டு பீரோவுல பாச்சா உருண்டையோட கெடக்கும். விழான்னா எடுத்துட்டு வருவாரு. விருந்தாளிக்குப் போத்துவாவ, கைதட்டுவாவ, போட்டா எடுப்பாவ. விருந்தாளி கௌரவமா மடிச்சு மேசையில வச்சுட்டுப் போயிருவாரு. அது அடுத்த ஆளுக்கு. எத்தனை தோளு பாத்த பொன்னாடைன்னு அதுக்கே தெரியாது. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிஞ்ச சட்டம் இது. ஆபீஸர் மாவட்டத்துக்குப் புதுசு. அவருக்கு யாரும் சொல்லல. போத்துனாவ. அவருக்குப் புடிச்சுப் போச்சு. கழத்தவே இல்ல. ரெண்டு கையாலயும் நல்லா இழுத்து மூடி உக்காந்துட்டாரு, மார்கழிக் குளிர்ல இருக்குத மாதிரி.

தாணு சாரு அவரு தோளையே பாத்துக்கிட்டு நிக்காரு. அந்த நேரம் மேடம் மைக்குல, "அடுத்ததா, நம்ம நூலகத்தோட இந்த வருசத்துச் சிறந்த தன்னார்வலர்..."னு சொல்லி, எம் பேரச் சொல்லுதாவ!

புகார் சொல்லப் போறேன்னு எப்படியோ மோப்பம் புடிச்சிட்டாவ, வாய அடைக்கப் பாக்காவன்னு வெளங்கிட்டு. தாணு சாரு அந்தப் பக்கம் பாக்காரு, இந்தப் பக்கம் பாக்காரு, கையில ஒண்ணும் இல்ல. ஆபீஸர் தோளுல இருந்து உருவவா முடியும்? அவரு கண்ணு நேரா இந்தச் சேருக்கு வந்துச்சு. அண்ணாச்சி, நம்பினா நம்புங்க. ஓடி வந்து என் துண்டத் தூக்கிட்டுப் போயி, என் தோளுல போத்திட்டாரு! எங்கப்பா துண்டால எனக்கே பொன்னாடை! ஊரு பூரா கைதட்டுது. பிள்ளைய விசிலடிக்குதுவ.

மைக்கு முன்னால நிறுத்திட்டாவ. வாயடைக்கவா பாக்கிய? இருங்க வாரேன்னு ஆரம்பிச்சேன்.

"ஐயா, இந்த லைப்ரரியில உக்கார எடம் கிடையாது!"ன்னேன். கைதட்டு. "சனிக்கிழமையானா பிள்ளைய மேல மிதிச்சுத்தான் நடக்கணும்!" கைதட்டு. "புதன்கிழமை வராண்டாவுல காலு வைக்க முடியாது, எல்லாம் பீடித்தட்டு!" அந்தப் பொம்பளைய எந்திரிச்சு நின்னு தட்டுதாவ. "அலமாரியில புஸ்தகமே நிக்க மாட்டேங்குது, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருதாவ! கேட்டா அடுத்த வாரம் வான்னு சொல்லுதாவ! இவ்வளவு கூட்டத்துக்கும் ஒரு ஃபேனு, ஐயா, ஒரே ஒரு ஃபேனு!" அப்பம் மேல பாத்து கைய வேற காட்டிட்டேன். "நான் எங்க போய்ப் படிக்க? என்ன இங்க இருந்து எங்கயும் அனுப்ப முடியாது, சொல்லிட்டேன்!" கடேசில மூக்க உறிஞ்சுனது மைக்குல ஊருக்கே கேட்டுட்டு. தூளு.

எறங்கி வந்தா தாணு சாரு கையப் புடிச்சிக்கிட்டு, "என்ன ஒரு ஏற்புரைம்மா! முழுக்க முழுக்க வஞ்சப்புகழ்ச்சி அணி!"ங்காரு. வஞ்சமும் இல்ல, புகழ்ச்சியும் இல்ல சார், அது புகார்னு சொன்னா, "அடடா, இன்னும் விடமாட்டேங்குதாளே"ன்னு சிரிக்காரு.

அந்த ஆபீஸராவது வெளங்குத மனுசன்னு பாத்தா, அவரும் சிரிக்காரு. மேடத்தப் பாத்து, "இங்க யாருமே வரதில்லைன்னு எனக்குச் சொன்னாங்களேம்மா. இதையா மூடுறது?"ன்னாரு. அந்த ஃபேன அண்ணாந்து பாத்தாரு. ஜீப்புல ஏறிப் போயிட்டாரு. பொன்னாடையோட.

கேட்டியளா? மூடுறதான்னு அவரே கேக்காரு! நான் ஆரம்பத்துலயே என்ன சொன்னேன்? மூடுறதும் இல்ல, ஒண்ணும் இல்ல, மேடம் கெளப்பிவிட்ட கதைன்னு சொன்னேன்லா? நிரூபணம் ஆயிட்டுல்லா?

மேடம் சுவத்துப் பக்கம் திரும்பி நின்னு அழுதுட்டாவ. பின்ன, அத்தனை பேரு முன்னால அவ்வளவு புகார் சொன்னா யாருக்குத்தான் அழுகை வராது? எனக்கே பாவமாப் போச்சு. மறுநாளு வந்து, "மனசுல வச்சுக்காதிய மேடம்"னு சொன்னேன். அதுக்கும் அழுதாவ.

நடவடிக்கை என்ன எடுத்தாவன்னு கேளுங்க. ஒண்ணும் இல்ல. கூட்டம் கூடிட்டு. அந்தத் துண்டு இருக்கே, எங்கம்மா அத அலசி, நெழல்ல காயப் போட்டு, மடிச்சு, டிரங்குப் பெட்டியில அவ கல்யாணச் சேலை மேல வச்சிருக்கா. வாங்க வாங்கன்னு தெருவையே கூப்பிட்டுக் காட்டுதா. நான் தெனமும் காலையில அவ தண்ணிக்குப் போற நேரம் பாத்து உருவிட்டு வந்து, சாயந்திரம் திருப்பி வைக்கேன். வீட்டுல வேற துண்டு இல்லாமயா? இருக்கு. அது கனம் பத்தாது, வீசுனா பறக்கும். அவ்வளவுதான் காரணம்.

அதான் சொல்லுதேன், இனிமே அதுல மொகத்தத் தொடைக்காதிய.

ஆமா, அந்தச் சாக்குப் பையில என்ன அண்ணாச்சி? கம்பி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. றெக்கையா? என்னது, ஃபேனா? இந்த லைப்ரரிக்கா? மூணா!

மேடம் எங்கிட்ட சொல்லவே இல்லையே.

எங்கெங்க மாட்டப் போறிய? ஒண்ணு அந்த மூலையில, ஒண்ணு பிள்ளைய பக்கம். ஒண்ணு வராண்டாவுலயா? பீடித்தட்டுக்கு நேர் மேல ஃபேன் போட்டா தூளு பூரா பறந்து என் மூக்குல ஏறுமே, கொஞ்சம் தள்ளிப் போடுங்க. அம்மா எப்பவும் இந்தத் தூணுல சாஞ்சுதான் உக்காருவா. அங்க காத்து படுத மாதிரி போடுங்க. எலை பறக்கக் கூடாது. காத்து மட்டும் படணும். அது ஒங்க சாமர்த்தியம். எல்லா எடத்துலயும் காத்து வந்துட்டுன்னா இந்தச் சீட்டுக்கு என்ன மரியாதை? யாரு கேட்டா இவ்வளவு ஃபேனு? எந்த மடையன் போய்ச் சொன்னான்?

இந்தா வந்துட்டாளுவ. இன்னைக்குப் புதன்கிழமை. பாருங்க, எங்கம்மாதான் முன்னால வாரா. இன்னைக்கு நான் போகப் போறதில்ல அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை பரீட்சை. தாணு சாரு வாசிக்கட்டும். நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன். துண்ட மடியில போட்டு மறைச்சுக்கிடுதேன், அவ பாத்துரக் கூடாது.

ஆரம்பிச்சுட்டாரு கேளுங்க. "அந்தோ!"

கேக்காத மாதிரி இருந்துக்கிடுதேன்.

"ஏட்டி வடிவு"ன்னு அம்மா கூப்பிடுதா. கேக்கல எனக்கு.

விளையாட்டுப் பக்கத்துக்குப் போயிட்டாரு அண்ணாச்சி. மொதல் பக்கத்துல ரேசன் கடை செய்தி இருக்கு, நான் காலையிலயே பாத்தேன், அத விட்டுட்டு கிரிக்கெட்டுக்குப் போயிட்டாரு! அந்தப் பொம்பளையளுக்கும் கிரிக்கெட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்? சார்! சார், நிறுத்துங்க! பேப்பரக் கீழ வைங்க!

அண்ணாச்சி, பத்து நிமிசம். இந்தச் சீட்ட மட்டும் பாத்துக்கோங்க. இந்தாங்க துண்டு, சேருல போட்டு வைங்க, யாரும் கேட்டா ஆளு இருக்குன்னு சொல்லுங்க. ஏணி வரலைன்னா இந்தச் சேருலயே ஏறி நின்னு மாட்டுங்க, பரவால்ல, துண்ட மட்டும் மிதிச்சிராதிய.

அப்புறம் டிரில்லப் போட்டு சத்தம் கித்தம் குடுக்காதிய. இது லைப்ரரி.

சார்ர்ர்! வாரேன், இருங்க!